சுதந்திரப் போர் ஓவியங்களில் சண்டை எங்கே?

மார்ச் 2: பிடோக்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

சிங்கப்பூர் நேஷனல் கேலரியில் தென்கிழக்காசியப் பகுதியை முழுக்கச் சுற்றி வந்தேன். இந்தோனேசியா, வியட்னாம், பிலிப்பீன்ஸ் எல்லாம் சண்டை போட்ட நாடுகள். ஆனால் என் கண்ணில் பட்ட வரையில் இரண்டு பக்கமும் மோதிக்கொள்ளும் ஒரு போர்க்களம்கூட இல்லை. உட்கார்ந்திருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள், நடக்கிறார்கள். இந்த ஓவியர்களுக்குச் சண்டை வரையத் தெரியாதா, இல்லை பயமா?

மார்ச் 2, இரவு

பயம் என்று சொல்ல முடியாது. அவர்களில் சிலர் கெரில்லாக்களோடு காட்டில் கிடந்தவர்கள்.

சண்டைக்கு உள்ளே இருப்பவனுக்குச் சண்டை தெரியாது என்பதுதான் என் எண்ணம். தேசிய சேவையில் ராத்திரிப் பயிற்சி போனவர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள். தெக்கோங் காட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போனவனின் பூட்ஸ் மட்டும்தான். எங்கோ வெற்றுத் தோட்டா வெடிக்கும், யார் யாரைச் சுட்டார்கள் என்று மறுநாள் சார்ஜண்ட் சொல்லித்தான் தெரியும். அதை வரையச் சொன்னால் சகதியும் ஒரு ஜோடி பூட்ஸும்தான் வரைவேன். முழுப் போர்க்களத்தையும் ஒரே பார்வையில் காட்ட வேண்டுமென்றால் குன்றின் மேல் நிற்க வேண்டும். குன்றின் மேல் நிற்பவர் பெரும்பாலும் தளபதி, இல்லையென்றால் தளபதியிடம் காசு வாங்குகிற ஓவியர்.

மார்ச் 3

காலையில் ஒருவர், "அமெரிக்கக்காரர்கள் வரைந்தார்களே, டிரம்புல்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. என் குன்றுக் கதைக்கே சாட்சி சொல்ல வந்த ஆள் அவர்.

அமெரிக்க ஓவியர் ஜான் டிரம்புல் 1775 ஜூன் 17 அன்று, பிரிட்டிஷாரோடு நடந்த சுதந்திரப் போரின் பங்கர் குன்றுச் சண்டையைப் பார்த்தார். பார்த்தது ராக்ஸ்பரியிலிருந்து, எட்டத்தில். புகைதான் தெரிந்திருக்கும். 11 வருடம் கழித்து, 1786ல், அமெரிக்க ஜெனரல் வாரன் சாகும் காட்சியை வரைந்தார். எங்கே வரைந்தார் தெரியுமா? லண்டனில். அதுவும் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் வரலாற்று ஓவியரான பெஞ்சமின் வெஸ்ட்டின் கூடத்தில். எதிரி ராஜாவின் ஓவியர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எதிரியோடு போட்ட சண்டையை வரைகிறார்!

படத்தின் நடுவில் வாரன் ஒருவர் மடியில் சாய்ந்து கிடக்கிறார். பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கத்தியால் அவரைக் குத்தப் பாய்கிறான். அதைக் கையால் பிடித்துத் தடுப்பது யார் என்று பார்த்தால் மேஜர் ஸ்மால், அவரும் பிரிட்டிஷ் அதிகாரி. நிஜத்தில் வாரன் தலையில் குண்டு பட்டு அந்த இடத்திலேயே செத்தார். மடியில் சாய்ந்து சாவதற்கெல்லாம் நேரம் இருந்திருக்காது. ஆனால் லண்டனில் உட்கார்ந்து வரைகிறவருக்கு நல்ல ஆங்கிலேயர் ஒருவர் தேவைப்படுகிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. யாருக்காக வரைகிறோம் என்பது கத்தியைப் பிடிக்கிற அந்தக் கையில் இருக்கிறது.

மார்ச் 3, மதியம்

இன்னொன்று. ஏறக்குறைய அதே சமயத்தில் வெஸ்ட் அந்தப் போரை முடித்த சமாதான ஒப்பந்தத்தை வரைய உட்கார்ந்தார். அமெரிக்கத் தரப்பு போஸ் கொடுத்தது. பிரிட்டிஷ் தரப்பு வரமாட்டேன் என்றுவிட்டது. படத்தின் வலது பாதி இன்றுவரை வெறும் பழுப்பு வண்ணமாகவே இருக்கிறது. தோற்றவர்கள் வர மறுத்ததை இதைவிட நன்றாக யாரும் வரைய முடியாது.

மார்ச் 4

தெம்பனிஸ் தம்பி கேட்கிறார், டெலவர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன் படம் எந்தக் கணக்கில் வரும் என்று. அது எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருவதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரைந்தவர் லாய்ட்ஸ, வரைந்த இடம் ஜெர்மனியில் டுசல்டார்ஃப், முடித்தது 1851ல். ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பரில். படகில் பிடித்திருக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூனில்தான் வந்தது. கடந்தது நடுராத்திரி, படத்தில் விடிந்துவிட்டது. அதிலும் சண்டை கிடையாது, போகும் வழிதான். முதலில் வரைந்த பிரதி இரண்டாம் உலகப் போரில், 1942ல், பிரெமன் நகரத்தில் பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டில் எரிந்துபோனது. பிரிட்டிஷார் கடைசியில் பழி தீர்த்துவிட்டார்கள் என்று அமெரிக்கர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சரி, நம்ம பக்கம் வருவோம்.

மார்ச் 5

ராடன் சாலே, ஜாவாக்கார ஓவியர். கேலரியில் பெரிய "காட்டுத் தீ" படத்தைப் பார்த்திருப்பீர்கள், 1849ல் வரைந்தது. புலிகளும் மாடுகளும் நெருப்புக்குப் பயந்து பாறை விளிம்புக்கு ஓடிவருகின்றன. அந்தப் படம் டச்சு அரசர் மூன்றாம் வில்லெமுக்குப் போனது. நான் சொல்ல வந்தது அதே அரசருக்கு அவர் கொடுத்த இன்னொரு படம். அது இப்போது இந்தோனேசியாவில் இருக்கிறது, டிப்பனகாரா இளவரசர் கைதாகும் காட்சி.

1825 முதல் 1830 வரை டச்சுக்காரர்களை எதிர்த்து டிப்பனகாரா நடத்திய ஜாவா போர். சுமார் இரண்டு லட்சம் ஜாவானியர்கள் செத்தார்கள். முடிவு இப்படி: 1830 மார்ச் 28, நோன்புப் பெருநாள் சமயம், மகெலாங்கில் டச்சு ஜெனரல் டி கோக்கைப் பார்க்க டிப்பனகாரா வருகிறார். பேச்சுவார்த்தை என்று கூப்பிட்டு அங்கேயே பிடித்துவிடுகிறார்கள். நம்பிக்கைத் துரோகம் என்று சொன்னால் அது மிகையில்லை.

டச்சுத் தரப்பில் பீனமன் என்பவர் இதை முதலில் வரைந்தார். அவர் ஜாவாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் படத்தில் டி கோக் மேல்படியில், இளவரசர் கீழ்ப்படியில், பின்னால் டச்சுக் கொடி படபடவென்று பறக்கிறது. தலைப்பு "சரணாகதி".

சாலே 1857ல் அதே இடம், அதே ஆட்களை வைத்துக்கொண்டு பதில் எழுதினார் என்றே சொல்லலாம். கொடியைக் காணோம். தலைப்பு "கைது". டி கோக்கும் இளவரசரும் ஒரே படியில் நிற்கிறார்கள். இளவரசரின் ஆட்கள் கையில் ஆயுதம் இல்லை, அதாவது பேசத்தான் வந்தார்கள். டச்சு அதிகாரிகளின் தலைகளைப் பாருங்கள், உடம்புக்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வேண்டுமென்றே பூதம் மாதிரி வரைந்தார் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் இருந்து, குதிரை, சிங்கம், அரசர் எல்லாம் வரைந்தவருக்கு மனிதத் தலையின் அளவு தெரியாமலா போகும்?

இளவரசரின் இடது கையை உற்றுப் பார்க்க வேண்டும். முஷ்டி. முகத்தில் அடக்கம், உடம்பில் மரியாதை, அந்தக் கையில் மட்டும் கோபம். அப்புறம் இதை டச்சு அரசருக்கே அன்பளிப்பாக அனுப்பினார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கேதான் இருந்தது, 1978ல் திரும்பி வந்தது. அங்கே எத்தனை பேர் அதைச் சும்மா அழகான படம் என்று பார்த்துவிட்டுப் போனார்களோ.

ஐந்து வருடப் போரில் எத்தனை தாக்குதல், எத்தனை முற்றுகை. சாலே எடுத்துக்கொண்டது சண்டையே நடக்காத ஒரு காலை நேரத்தை.

மார்ச் 5, நள்ளிரவு தாண்டி

பூன் லே அண்ணன் எழுதியிருக்கிறார்: "டிப்பனகாரா போரிட்டது அரண்மனைச் சண்டைக்காகவும் மார்க்கத்துக்காகவும். அதை எப்படிச் சுதந்திரப் போர் என்பீர்கள்?" அண்ணே, அன்றைக்கு இந்தோனேசியா என்ற நாடே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் வந்தவர்கள் அவரைத்தான் முதல் ஆளாக வைத்தார்கள். அந்தக் கணக்குப் பார்த்தால் கட்டபொம்மனையும் எடுத்துவிட வேண்டியிருக்கும், உங்கள் ஊர்க்காரர்கள் விடுவார்களா?

மார்ச் 7

1945லிருந்து 1949 வரை டச்சுக்காரர்களை எதிர்த்து நடந்த இந்தோனேசியப் புரட்சிதான் பிடோக் நண்பரின் கேள்விக்கு நேரான களம். ஓவியர்கள் உள்ளே இருந்த போர் அது.

அஃபாண்டி 1945லேயே ஒரு சுவரொட்டி போட்டார். சங்கிலியை அறுத்துக்கொண்டு கத்துகிற ஒரு ஆள். போஸ் கொடுத்தவர் துல்லா, அவரும் ஓவியர். வாசகம் கவிஞர் ஹைரில் அன்வருடையது, "வாடா தம்பி, வா" என்கிற தொனியில். சுஜோயோனோ 1947ல் வரைந்த "புரட்சித் தோழர்கள்" படத்தில் வெறும் முகங்கள்தான், பேருந்தில் நெருக்கியடித்து நிற்கிற மாதிரி. அவரே 1949ல் வரைந்த இன்னொன்றில் இடிந்த சுவர்களுக்கிடையே ஒரு கெரில்லா வேவு பார்த்து வருகிறான். எதிரி படத்திலேயே இல்லை.

துணியும் வண்ணமும் கிடைக்காத காலம். ஊர் ஊராக ஓடுகிற ஓவியர் மூன்று மீட்டர் படமா வரைய முடியும்? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பாட்டி உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பழமொழி இங்கே நேர் அர்த்தத்திலேயே பொருந்துகிறது.

மார்ச் 7, மறுபடியும்

துல்லா பெயரைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

1948 டிசம்பர் 19, டச்சுப் படை ஜோக்ஜகார்த்தாவைப் பிடிக்கிறது. விமானங்கள் மகுவோ விமானத்தளத்தைத் தாக்குகின்றன, பாராசூட்டில் வீரர்கள் இறங்குகிறார்கள். பெரியவர்கள் தெருவில் நின்று படம் வரைந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். துல்லா தன்னிடம் படித்த சிறுவர்களிடம் காகிதமும் வண்ணமும் கொடுத்து அனுப்புகிறார். அவர்களில் ஒருவன் முகமது தோஹா, வயது 11. சிகரெட் விற்கிற பையனாக ஊரைச் சுற்றுகிறான், பெட்டிக்குள்ளே சிகரெட்டுக்கு அடியில் வரைகிற சாமான். கண்ணால் பார்த்ததைக் கையகல நீர்வண்ணப் படங்களாக வரைந்து கொண்டுவருகிறான். வானத்தில் விமானம், ரோட்டில் டச்சு லாரி, நிற்கும் சிப்பாய்.

2022ல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இந்தோனேசியப் புரட்சி பற்றிய கண்காட்சியில் தோஹாவின் படங்களையும் வைத்தார்கள். பீனமனின் "சரணாகதி"யும் அந்த அருங்காட்சியகத்தின் சொத்துதான்.

இணையத்தில் கிடைத்த சிலவற்றை என் மகளிடம் காட்டினேன். தொடக்கநிலை ஐந்து, கிட்டத்தட்ட அதே வயது. "பிளேன் எல்லாம் கரெக்டா இருக்கு, ஆளுங்கதான் சின்னச் சின்னதா இருக்காங்க" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. 11 வயதுப் பையன் குண்டு விழும்போது மேலேதானே பார்த்திருப்பான்.

பிடோக் நண்பரே, சண்டை நேரத்தில் சண்டையையே வரைந்தவர்கள் வேண்டுமென்றால் இந்தப் பையன்கள்தான்.

மார்ச் 9

"முன்னே சொன்ன குன்றும் சுவரும் இருந்தும் சண்டை வரையாதவர்கள் உண்டா?" என்று தெம்பனிஸ் தம்பி மடக்குகிறார். உண்டு, டிரம்புலே உண்டு. 1817ல் அமெரிக்க நாடாளுமன்றம் தன் கட்டடமான கேபிட்டலின் வட்டக்கூடத்துக்கு நான்கு பெரிய படங்கள் வேண்டுமென்று அவரிடம் கேட்டது. ஒவ்வொன்றும் 12 அடிக்கு 18 அடி. என்ன நான்கு? சுதந்திரப் பிரகடனம், பிரிட்டிஷ் ஜெனரல் பர்கோயின் சரணடைவது, இன்னொரு பிரிட்டிஷ் ஜெனரல் கார்ன்வாலிஸ் தரப்பு சரணடைவது, வாஷிங்டன் பதவி விலகுவது. சண்டை ஒன்றுகூட இல்லை! பங்கர் குன்றுப் படமோ ஒரு மீட்டர் அகலம்கூட வராது.

அதனால் சுவர் மட்டும் போதாது. யார் சுவர், எப்போது என்பதும் உண்டு. ஜெயித்து முடித்த அரசாங்கத்துக்குக் கையெழுத்தும் கைகுலுக்கலும்தான் வேண்டும். சண்டை அசிங்கமானது, அதில் நம் ஆட்களும் ஓடியிருப்பார்கள்.

மார்ச் 9, மாலை

அப்படியானால் சண்டையைச் சுவரில் யார் வரைவார்கள்? இன்னும் முடிக்காதவர், இல்லையென்றால் தோற்றவர்.

முடிக்காதவருக்கு உதாரணம் திப்பு. 1780 செப்டம்பர் 10, நம்ம காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூர். கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் நசுக்கினார்கள். 1784ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தாரியா தௌலத் மாளிகை கட்டியபோது அதன் வெளிச்சுவரில் அந்தச் சண்டையை வரைய வைத்தார். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்துத் திகைத்து நிற்க, வெடிமருந்து வண்டி வெடிக்க, காயம்பட்ட பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். பல்லக்கில்! சுற்றிலும் குதிரைகள் எல்லாப் பக்கமும் வருகின்றன. தலைகள் உருளுகின்றன. திப்பு மட்டும் பதற்றமே இல்லாமல் பூவை மோந்துகொண்டு வருகிறார். சமாதானம் கையெழுத்தான வருடத்திலேயே இதை வரைந்தார் என்றால் அடுத்த சண்டைக்கு ஆள் சேர்க்கிறார் என்று அர்த்தம்.

தோற்றவருக்கு உதாரணம் பாஞ்சாலங்குறிச்சி. 1974ல் தமிழ்நாடு அரசு கட்டிய நினைவுக் கோட்டையின் உள்சுவர்களில் கட்டபொம்மன் கதை ஓவியங்களாக இருக்கிறது. அந்தக் கதையின் முடிவு 1799 அக்டோபர் 16, கயத்தாறில் தூக்கு. கைகுலுக்கலுக்கு வழியில்லை. அதனால் நடுப்பகுதி நீள்கிறது, குதிரையும் வாளும் மீசையுமாக.

இதே மாதிரிதான் சுஜோயோனோவின் ராட்சசப் படமும். 1973ல் ஜக்கார்த்தா ஆளுநர் அலி சாதிக்கின் கேட்டு வரைந்தது, உயரம் 3 மீட்டர், நீளம் 10 மீட்டர். ஜாவா சுல்தான் அகுங் 1628–29ல் டச்சுக்காரர்களின் பத்தாவியாவை, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவை, தாக்கிய கதை. சுல்தான் பத்தாவியாவைப் பிடிக்கவில்லை. 1949ல் ஒற்றை வேவுக்காரனை வரைந்தவர், வயதான பிறகு சுவரும் காசும் கிடைத்ததும் மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய தோல்வியை முழுப் போர்க்களமாக வரைகிறார்.

மார்ச் 10

பூன் லே அண்ணன் ஒரே வரியில் என் கோட்டையைத் தகர்த்துவிட்டார்: "டியன் பியன் பூ?"

ஆமாம். வியட்னாமியர்கள் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த ஊர், ஜெயித்தவர்கள் முழுச் சண்டையையும் வரைந்த இடம். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 2022ல் திறந்த வட்ட ஓவியம் 132 மீட்டர் சுற்றளவு, 20 மீட்டருக்கு மேல் உயரம், நாலாயிரத்துக்கும் மேல் மனித உருவங்கள். நடுவில் நின்று சுற்றிப் பார்க்க வேண்டும். அந்தச் சண்டை முடிந்தது 1954 மே 7.

ஆனால் அண்ணே, அந்தக் காலத்திலேயே அங்கே இருந்தவர்களைப் பாருங்கள். டோ ங்கோக் வான், வியட்னாமின் பெரிய ஓவியர், கைநோட்டில் சுமைதூக்கிகளையும் வீரர்களையும் கோட்டோவியமாக வரைந்துகொண்டே போனார். வெற்றிக்கு அடுத்த மாதமே குண்டுவீச்சில் காயம்பட்டு இறந்தார். ங்குயென் சாங் 1963ல் அரக்கு ஓவியமாக வரைந்தது பதுங்குகுழிக்குள் காயக்கட்டோடு நிற்கும் வீரர்களைக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்த்துக்கொள்ளும் காட்சியை. அரக்கைப் பூசி, காயவைத்து, மேலே தேய்த்துத் தேய்த்து உள்ளே இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அவசரத்துக்கு ஆகாத வேலை. 132 மீட்டர் படத்தைவிட எனக்கு அந்தக் குழிக்குள் நிற்பவர்கள்தான் பிடித்திருக்கிறது. இது வாதமில்லை, ருசி.

மார்ச் 12

"நம்ம ஆட்கள் சிங்கப்பூரிலிருந்து போய்ச் சண்டை போட்டார்களே, ஐ.என்.ஏ., நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம், அதை ஏன் யாரும் வரையவில்லை?" என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார்.

நாம் பேசிக்கொண்டிருக்கும் கேலரிக்கு எதிரே இருக்கிற பாடாங்கில்தான் 1943 ஜூலை 5ல் நேதாஜி படையைப் பார்வையிட்டு "டில்லி சலோ" என்றார். ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனை பேர் அதில் சேர்ந்தார்கள். 1944ல் இம்பால் பக்கம் தோல்வி. 1945 ஜூலையில் கடற்கரையோரம் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். 1995ல்தான் அந்த இடத்தில் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள்.

நம் வீடுகளில் ஐ.என்.ஏ. என்றால் காலண்டர் படம்தான். சீருடையில் நேதாஜி, சில சமயம் பாரத மாதாவுக்குப் பக்கத்தில். எங்கள் தாத்தா வீட்டிலும் ஒன்று தொங்கியது, மளிகைக்கடைப் பெயர் கீழே அச்சடித்தது. களம் கிடையாது. மலேரியாவும் பட்டினியும் மழையும் பல பேரைக் கொன்றன, காலண்டரில் அதை யார் அச்சடிப்பார்? என் கணக்குப்படி தோற்றவர்கள் சண்டையை வரைந்திருக்க வேண்டும். இங்கே சுவரும் இல்லை, காசு கொடுக்க அரசும் இல்லை. புதுடில்லி அரசோ ஆட்சி கைமாறிய கையெழுத்து மேசையைத்தான் பெரிதாக்கியது. இந்த அக்காவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மார்ச் 12, பின்னிணைப்பு

சரணாகதி என்றதும் நினைவு வருகிறது. ஜப்பானியர் 1945 செப்டம்பர் 12ல் கையெழுத்துப் போட்டது இதே கேலரியின் ஒரு பகுதியில், பின்னாளில் நகர மண்டபமான அன்றைய நகராட்சிக் கட்டடத்தில். நிஜக் கையெழுத்து மேசை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு போர்க்களப் படம் தேடியிருக்கிறார் பிடோக் நண்பர்.

மார்ச் 15

கடைசியாக பிலிப்பீன்ஸ். ஹுவான் லூனாவைச் சண்டை வரையத் தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. 1887ல் ஸ்பெயின் மேலவைக்கு லெப்பாண்டோ கடற்போரை வரைந்து கொடுத்தவர், ஸ்பெயின் ஜெயித்த போர். 1896ல் ஸ்பெயினை எதிர்த்துப் பிலிப்பீன்ஸ் புரட்சி வெடித்ததும் மணிலாவில் அவரையே பிடித்துச் சிறையில் போட்டார்கள். தம்பி அன்டோனியோ லூனா புரட்சிப் படையின் ஜெனரல், 1899 ஜூனில் சொந்த நாட்டு ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அதே டிசம்பரில் ஹுவான் ஹாங்காங்கில் இறந்தார். போர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரிக்குக் கடற்போர் வரைந்த கைக்கு, சொந்த ஊர்ப் போருக்கு வரவே நேரம் கிடைக்கவில்லை.

கேலரியில் இருக்கும் அவருடைய "ஸ்பெயினும் பிலிப்பீன்ஸும்" 1884ல் வரைந்தது. இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு படியேறுகிறார்கள், ஸ்பெயின் வழிகாட்டுகிறாள். 12 வருடத்தில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தப் படியேற்றமே சண்டைதான்.

மார்ச் 15, இரவு

கட்டணம் கேட்டவருக்கு: சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் கூடங்கள் இலவசம், சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் போதும். படங்களை அவ்வப்போது மாற்றி மாட்டுவார்கள், போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள். பூன் லே அண்ணன் வருவதாக இருந்தால் நானும் வருகிறேன், டியன் பியன் பூ பாக்கியை அங்கேயே பேசிக்கொள்ளலாம்.